மொறிஸ் மைனர் பின் ஸ்பிரிங் புஷ்: பொலியூரித்தேனா, பழைய றப்பரா?

கல்லடி_மைனர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1960 மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சிசி. அப்பா ஓடிய கார், இப்போது நான் ஓடுகிறேன். இயந்திரமும் கியர்பொக்ஸும் பிறேக்கும் நல்ல நிலையில் இருக்கின்றன. பின்பக்கம்தான் கவலை தருகிறது.

கல்முனை றோட்டில் மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில் போகும்போது எக்சலேட்டரில் இருந்து காலை எடுத்தால் கார் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. திரும்ப மிதித்தால் மற்றப் பக்கம். ஸ்டியரிங்கை நான் அசைப்பதே இல்லை. முதல் கியரில் கிளப்பும்போது பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். பெரியகல்லாறுப் பக்கம் வளைவுகளில் பின்பக்கம் ஒரு கணம் தாமதித்துத்தான் வருகிறது.

இங்கிலாந்தில் இருக்கிற மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார், புஷ் (ஸ்பிரிங்கின் நுனிகளில் போல்ட்டைச் சுற்றி வருகிற மெத்தை) செட் ஒன்று கொண்டுவரச் சொல்லலாம். பொலியூரித்தேன் செட் எடுப்பதா, அசல் மாதிரி றப்பர் எடுப்பதா? இங்கே கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய றப்பர் புஷ் ஒரு மாரி தாண்டுமுன்னே வெடித்துவிட்டது. அதனால் பொலியூரித்தேன் பக்கம்தான் மனம் போகிறது. பூட்டியவர்கள் சொல்லுங்கள்.


செங்கலடிச்_சில்லு எழுதியது:

தம்பி, வாங்குவதற்கு முதல் எது தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு நாலைந்து காரணம் இருக்கலாம், புஷ் அதில் ஒன்று.

மைனரின் பின்பக்கம் மிக எளிமையானது. ஒரு அக்சில், இரண்டு இலை ஸ்பிரிங். அக்சிலை முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க வேறு தண்டுகள் எதுவும் இல்லை. அந்த வேலை முழுவதும் ஸ்பிரிங்கின் முன் கண்ணில் (முன் நுனியில் சுருட்டிய வளையத்தில்) இருக்கிற ஒரே ஒரு புஷ்ஷின் தலையில்தான். அது தளர்ந்தால் காலை எடுக்கும்போது ஒரு பக்க அக்சில் பின்னுக்குப் போகும், மிதிக்கும்போது முன்னுக்கு வரும். அக்சில் சரிந்தால் பின் சில்லுகளே காரைத் திருப்பும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் சோதித்துப் பாருங்கள்.

காரை ஜக்கில் தூக்காமல் நிலத்தில் வைத்தே பாருங்கள். தூக்கினால் ஸ்பிரிங் தொங்கிவிடும், ஆட்டம் தெரியாது. முதலில் முன் கண் போல்ட்டில் இருந்து அக்சில் வரை இரண்டு பக்கமும் அளவுகோலால் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் ஸ்பிரிங் இலைகளைச் சேர்த்துப் பிடிக்கிற நடு போல்ட் முறிந்து அக்சில் நகர்ந்திருக்கக் கூடும். அக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டுகிற யூ போல்ட்டின் தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் சேர்த்து ஒரு சோக்குக் கோடு கீறிவிட்டு ஒரு சுற்று ஓடி வாருங்கள். கோடு விலகினால் யூ போல்ட் தளர்வு.

அடுத்தது புறொப்பெல்லர் தண்டின் இரண்டு மூட்டும். கையால் முறுக்கிப் பாருங்கள். கிளப்பும்போது வருகிற 'டக்' பல வேளை அங்கிருந்துதான் வரும். ஆம்ஸ்ட்ரோங் ஷொக்கில் (அதிர்வு தாங்கியில்) இருந்து ஸ்பிரிங் தகட்டுக்கு வருகிற இணைப்புத் தண்டிலும் சின்ன றப்பர்கள் உண்டு, அவற்றையும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, ஒருவர் உள்ளே இருந்து பிறேக்கை அழுத்திப் பிடித்தபடி முதல் கியரிலும் பின் கியரிலும் கிளச்சை மெல்லக் கடிக்கவிட, இன்னொருவர் பக்கத்தில் நின்று முன் கண்ணைப் பார்க்க வேண்டும். காருக்கு முன்னாலோ பின்னாலோ அடியிலோ யாரும் இருக்கக் கூடாது.


கல்லடி_மைனர் எழுதியது:

நன்றி அண்ணன். செய்து பார்த்தேன். மூட்டுகள் இறுக்கம், சோக்குக் கோடு அசையவில்லை. வலப் பக்கத்தை விட இடப் பக்க அளவு 6 மில்லிமீற்றர் கூட. கிளச் கடிக்கும்போது இடப் பக்க முன் கண் கண்ணுக்குத் தெரிய நகர்கிறது. ஸ்பிரிங்கின் பின் நுனியை உடலோடு இணைக்கிற ஷக்கிளின் றப்பர் எட்டும் பிதுங்கிப் போய் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கின்றன.


மருதமுனை_கேம்பிறிட்ஜ் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. என்னுடையது ஒஸ்டின் கேம்பிறிட்ஜ் ஏ60. பின்பக்கம் உங்களுடையதைப் போலவே இலை ஸ்பிரிங். நான் முன்னும் பின்னும் பொலியூரித்தேன் பூட்டி ஓடுகிறேன், இன்றைக்கும் நல்லாய்த்தான் இருக்கிறது.

முதலில் தெரிகிற வித்தியாசம் வளைவில். அக்கரைப்பற்றில் இருந்து பொத்துவில் போகிற றோட்டில் முன்பு வண்டி வேண்டாவெறுப்பாகத் திரும்பும், இப்போது சொன்ன இடத்தில் நிற்கிறது. சாமான் ஏற்றினாலும் பின்பக்கம் தத்தளிப்பதில்லை. பழுதும் உண்டு, ஒளிக்க மாட்டேன். பள்ளத்தில் விழுகிற அடி சீட்டுக்குள் வருகிறது. கிறீஸ் காய்ந்தால் கீச்சுச் சத்தம் தொடங்கிவிடும், மாரி முடிந்து வெயில் வரும்போது கட்டாயம். கழற்றி, துடைத்து, சிலிக்கோன் கிறீஸ் பூசிப் பூட்டினால் அடங்கும்.

இன்று கடையில் விற்கிற றப்பரை நம்பிக் காரைக் கழற்றிப் பூட்டுவது வீண் கூலி. அதற்குப் பயந்தே நான் பொலியூரித்தேனுக்குப் போனேன்.


வந்தாறுமூலை_வேதியியல் எழுதியது:

மருதமுனை நானா சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. பலரும் பொலியூரித்தேனை 'இன்னும் பலமான றப்பர்' என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேலை செய்கிற முறையே வேறு.

மைனரின் முன் கண்ணில் வருவது சைலன்ட்புளொக் வகை. வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டையும் பிடித்தபடி றப்பர். உள் குழாய் போல்ட்டோடு இறுகி நிற்கும், ஸ்பிரிங் அசையும்போது எந்த இரும்பும் எந்த இரும்பின் மீதும் உராய்வதில்லை. றப்பர் தனக்குள்ளே முறுக்குப்பட்டுத் திரும்பவும் பழைய நிலைக்கு வருகிறது. அதனால் கிறீஸ் தேவையில்லை, தூசியும் தண்ணீரும் புக இடமில்லை. பொலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் அப்படி ஒட்டப்படுவதில்லை. உள் குழாயைச் சுற்றி அது வழுக்கித் திரும்ப வேண்டும். வழுக்குகிற இடம் என்று ஒன்று வந்தாலே கிறீஸ், மணல், சத்தம் எல்லாம் சேர்ந்து வரும்.

கடினத்தைப் பார்த்தால் இந்த மாதிரி றப்பர் புஷ்கள் ஷோர் ஏ அளவில் சுமார் 55 முதல் 70, பொலியூரித்தேன் புஷ்கள் சுமார் 80 முதல் 95. வளைவில் கார் சாயும்போது ஒரு ஸ்பிரிங் மேலேயும் மற்றது கீழேயும் போகிறது. அக்சில் சரிவதால் இலைகள் கொஞ்சம் முறுக வேண்டியிருக்கிறது. அந்த முறுக்குக்குக் கண் இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த விசை போய்ச் சேர்வது ஸ்பிரிங்கைத் தாங்க உடலில் வெல்டிங் செய்த ஹாங்கரில். ஏ60 கனமான கார், அது தாங்கிக்கொள்ளலாம். 60 வயது மைனரின் தகடு தாங்குமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்று நம்ம ஊருக்கு மிக முக்கியம். பொலியூரித்தேனில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகை எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் நீர் அதன் சங்கிலிகளையே அறுத்துவிடும். அலுமாரியில் வைத்த சப்பாத்தின் அடிப்பாகம் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்கிறதே, அது இதே வேதியியல்தான். ஈதர் வகை ஈரத்தைத் தாங்கும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, கார்த்திகை மார்கழியில் வெள்ளம் என்று வாழ்கிற நாம், விற்பவரிடம் எந்த வகை என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமல் விடுவது நல்லது.


கல்லடி_மைனர் எழுதியது:

இவ்வளவு விளக்கத்தை எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. அப்படியானால் ஒரு கேள்வி. இங்கே லேத்தில் நைலோனில் கடைந்து தருவதாக ஒருவர் சொல்கிறார், அரை நாள் வேலையாம். மச்சான் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லையே?


ஆரையம்பதி_லேத் எழுதியது:

தம்பி, லேத்தில் நிற்கிறவனே சொல்கிறேன், முன் கண்ணுக்கு நைலோன் வேண்டாம். கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். நைலோன் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சினால் ஊதும். கோடையில் கையால் சுற்றிய புஷ் மாரியில் பின்னை (கண்ணுக்குள் போகிற ஆணியை) கவ்விப் பிடித்துவிடும். பிறகு புஷ்ஷுக்குப் பதிலாகப் பின்னும் ஹாங்கர் ஓட்டையும் தேயத் தொடங்கும். லொறி டயரில் வெட்டிச் செய்கிற புஷ்ஷும் அப்படித்தான். டயருக்குள் இருக்கிற நூலும் கம்பியும் றப்பரை முறுக விடாது.

நீங்கள் என்ன புஷ் வாங்கினாலும் சரி, பழைய ஷக்கிள் பின்னையும் தகட்டையும் கொண்டு வந்து அளவு பாருங்கள். நான் பார்க்கிற பின் பத்தில் எட்டுக்கு நடுவில் ஒரு படி விழுந்திருக்கும். விரல் நகத்தை நீளவாக்கில் இழுத்தால் தட்டுப்படும். தேய்ந்த பின்னில் புதுப் புஷ் போட்டால் முதல் நாளே ஆட்டம். ஷக்கிள் தகட்டின் ஓட்டை முட்டை வடிவம் ஆகியிருந்தால் தகட்டையும் மாற்றுங்கள். அதை நான் கடைந்து தரலாம், அதில் பிழையில்லை.

கழற்றும்போது ஒரு விஷயம். முன் கண்ணில் பழைய புஷ் இறுகிக் கிடந்தால் கேஸ் டோர்ச்சால் சுட்டு எடுக்க வேண்டாம். ஸ்பிரிங் இரும்பின் பதம் இறங்கிவிடும், கண் விரிந்து போகும். பொலியூரித்தேனை எரித்தால் வருகிற புகை கொடிய நஞ்சு. றப்பரை டிறில் பண்ணி உள் குழாயை எடுத்துவிட்டு, வெளிக் குழாயை இரும்பு வாளால் உள்ளிருந்து ஒரு கோடு அறுங்கள். கண்ணைத் தொடாமல் குழாயை மட்டும். கோடு விழுந்தால் குழாய் சுருங்கித் தானாகக் கழன்று வரும். புதுசை ஏற்ற, நீளமான திரெட் கம்பி ஒன்று, இரண்டு பெரிய சொக்கெட், இரண்டு நட் போதும். சுத்தியலால் அடித்தால் வெளிக் குழாயின் விளிம்பு நசுங்கும்.


பழைய_ஹயர்_கார் எழுதியது:

பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். ஒரு காலத்தில் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஹயருக்கு நின்ற கார்களில் பாதி ஏ40, பாதி மைனர். நான் ஓடியது மைனர். செங்கலடியில் இருந்து மகா ஓயா, பதியத்தலாவ தாண்டிப் பதுளை வரைக்கும் ஆள் ஏற்றிப் போயிருக்கிறேன். அப்போது இந்தப் பொலியூரித்தேன் பேச்சே இல்லை. றப்பர் புஷ் வருடக் கணக்காய் உழைத்தது.

இப்போது ஏன் உழைப்பதில்லை என்று கேட்டால், பாதிப் பழி பூட்டுகிற முறையில் இருக்கிறது. கார் ஜக்கில் தூக்கி நிற்கும்போதே, ஸ்பிரிங் கீழே தொங்கிய நிலையில், முன் கண் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். மறுகா காரை இறக்கினால் ஸ்பிரிங் நிமிர்கிறது, றப்பர் ஓடத் தொடங்கு முன்பே முறுக்குப்பட்டு நிற்கிறது. பள்ளத்தில் விழும்போது அதற்கு மேலும் முறுக வேண்டும். கிழியாமல் என்ன செய்யும்? போல்ட்டைக் கையால் பூட்டி, காரைச் சில்லில் இறக்கி, பின் சீட்டில் இரண்டு பேரை இருத்தி, பின்பக்கத்தை நாலு தரம் அமத்தி ஆட்டிவிட்டுத்தான் கடைசி இறுக்கம். பின் ஷக்கிளுக்கும் இதே முறை. தம்பி வாங்கிய றப்பர் ஒரு மாரியில் வெடித்த கதைக்கு இதுதான் காரணமோ என்று யோசிக்கிறேன்.

இன்னொரு கேள்வி. கல்லடி என்கிறீர்கள், 2004 சுனாமிக்கு இந்தக் கார் எங்கே நின்றது?


கல்லடி_மைனர் எழுதியது:

ஐயா, வீட்டு முற்றத்தில்தான் நின்றது. கதவு மட்டத்துக்கு மேல் உப்புத் தண்ணீர். அப்பா இயந்திரத்தை இறக்கி எல்லாம் கழுவித் திரும்பப் பூட்டினார். அடிப்பக்கம் கறள் பிடிக்காமல் தார் பூசிவிட்டார்கள்.

புஷ் பூட்டியது ஜக்கில் நின்றபடிதான், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.


பழைய_ஹயர்_கார் எழுதியது:

அப்படியென்றால் தம்பி, புஷ் வாங்கக் காசு கட்டு முன் அந்தத் தாரைச் சுரண்டுங்கள். மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். முன் ஹாங்கர் பின் சீட்டுக்குக் கீழே தளத்தோடு வெல்டிங் செய்தது. உப்பு உள்ளே தங்கியிருந்தால் வெளியே தார் மினுங்கும், உள்ளே தகடு அப்பளமாய் இருக்கும். கூரான ஸ்குறூ டிறைவரால் குத்திப் பாருங்கள்.


மருதமுனை_கேம்பிறிட்ஜ் எழுதியது:

ஐயா சொன்னது மிகச் சரி. இடப் பக்கம் மட்டும் 6 மில்லிமீற்றர் என்பதை நான் கவனிக்காமல் புஷ் வகையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வேதியியல் தம்பியின் முன் கண் வாதத்தை நான் ஏற்கவில்லை. அக்சிலை நேராகப் பிடிக்கிற இடம் அதுதானே, அங்கேதான் கடினமான புஷ் வேண்டும். பின் ஷக்கிள் சும்மா முன்னும் பின்னும் ஆடுகிற இடம், அங்கே றப்பர் இருந்தாலும் பரவாயில்லை.


வந்தாறுமூலை_வேதியியல் எழுதியது:

நானா, நேராகப் பிடிக்க வேண்டும் என்பது உண்மை. அதே கண்தான் முறுக்கையும் தாங்க வேண்டும் என்பதும் உண்மை. புது சைலன்ட்புளொக் முன்பின்னாக அதிகம் நகராது, றப்பர் அந்தத் திசையில் அமுக்கப்படுகிறது, அமுக்கத்தில் றப்பர் விறைப்பானது. சுற்றும் திசையிலும் சரியும் திசையிலும் மட்டும் மென்மையாக இருக்கும். ஒரே பொருள் மூன்று திசைக்கு மூன்று குணம் காட்டுகிறது. அலெக் இஸிகோனிஸ் 1948 இல் கொடுத்த அமைப்பில் வேறு தண்டுகள் இல்லாமல் சமாளிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பின் ஷக்கிளில் வருவது இரண்டு பாதியாக வருகிற சின்ன றப்பர்கள். அங்கே சுழற்சிதான் பெரும்பகுதி, கழற்றுவதும் சுலபம், கிறீஸ் பூசுவதும் சுலபம். பொலியூரித்தேன் போட விரும்பினால் நான் அங்கே போடுவேன்.

காரை வேகப் போட்டிக்கு ஓட்டுகிறவர் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஓசையும் அதிர்வும் அவருக்குப் பொருட்டில்லை.


மருதமுனை_கேம்பிறிட்ஜ் எழுதியது:

சரி தம்பி, என் ஏ60 இல் நான் மாற்றப் போவதில்லை. மைனர்க்காரர் முடிவு அவருடையது.


கல்லடி_மைனர் எழுதியது:

வேலை முடிந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தாரைச் சுரண்டியதும் ஐயா சொன்னதுதான் நடந்தது. இடப் பக்க முன் ஹாங்கரைச் சுற்றி ஸ்குறூ டிறைவர் நேரே உள்ளே போனது. ஹாங்கர் தளத்தில் இருந்து பாதி விடுபட்டு, தாரின் பிடியில் நின்றிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கியது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் காரில்தான் மாமாங்கக் கோயிலுக்குப் போய் வந்தேன். புஷ்ஷும் கிழிந்துதான் இருந்தது. ஆனால் காரை இழுத்தது ஹாங்கர். இதில் கடினமான புஷ் பூட்டியிருந்தால் மிச்சத் தகடும் வேகமாகக் கிழிந்திருக்கும் என்று லேத் அண்ணன் சொன்னார்.

கறள் தகட்டை வெட்டி எறிந்து நல்ல தகடு தெரியும் வரை போனோம். அதற்கு மேல் மெல்லிய தகடு ஒட்டுவதை வெல்டிங்காரர் மறுத்துவிட்டார், 2 மில்லிமீற்றர் தகட்டில் வளைத்துச் செய்து வெட்டிய இடத்தில் பொருத்தினார். வெட்டு முன் வலப் பக்கத்தை அளந்து, ஹாங்கர் நிற்க வேண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டோம். பின் ஹாங்கரிலும் கொஞ்சம் வேலை இருந்தது. மைனரின் பெற்றோல் தாங்கி டிக்கித் தளத்தில் இருப்பதால் அதை முழுதாகக் கழற்றி வெளியே வைத்துவிட்டே வெல்டிங் செய்தோம். பற்றறியும் கழற்றியாயிற்று. இதைச் செய்பவர்கள் தயவுசெய்து தாங்கியைக் கழற்றாமல் தொட வேண்டாம்.

புஷ் விடயம்: முன் கண்ணுக்கு சைலன்ட்புளொக் றப்பர், மச்சான் கொண்டு வந்தது. பின் ஷக்கிளுக்கு ஈதர் வகைப் பொலியூரித்தேன், விற்பவர் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே வாங்கினோம். ஷக்கிள் பின்கள் நாலும் புதுசு, தகடு நாலும் ஆரையம்பதியில் செய்தது. நடு போல்ட்டும் யூ போல்ட்டும் புதுசு. எல்லா இறுக்கமும் கார் சில்லில் நிற்கும்போது, பின் சீட்டில் என் தம்பிமார் இரண்டு பேர் இருக்க.

இப்போது இரண்டு பக்க அளவும் ஒன்று. களுவாஞ்சிகுடி வரை ஓடிப் பார்த்தேன், காலை எடுத்தால் கார் நேராகவே போகிறது. 'டக்' இல்லை. ஷக்கிளில் கீச்சுச் சத்தம் இதுவரை இல்லை, மாரி முடிந்த பிறகு சொல்கிறேன்.


செங்கலடிச்_சில்லு எழுதியது:

மனம் நிறைந்தது தம்பி. புது யூ போல்ட் என்பதால் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும். புதுத் தகட்டின் உட்பக்கத்துக்கு மெழுகு கலந்த கறள் தடுப்பு எண்ணெய் அடியுங்கள். கெட்டித் தார் வேண்டாம், அது வெடித்தால் தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும்.


பழைய_ஹயர்_கார் எழுதியது:

வலப் பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தீர்களா? உப்புத் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் வந்திருக்காது. தகடு வேண்டுமென்றால் கொழும்பில் விசாரியுங்கள், 1990களில் மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மிச்சம் மீதி இன்னும் யாரிடமாவது இருக்கக் கூடும்.


கல்லடி_மைனர் எழுதியது:

சுரண்டினேன் ஐயா. வலப் பக்கம் இப்போதைக்கு உறுதியாக இருக்கிறது, ஆனால் ஓரத்தில் பொரிந்து தெரிகிறது. தை பிறந்ததும் அதையும் வெட்டுவதாக வெல்டிங்காரரிடம் பேசியாயிற்று. ஆரையம்பதி அண்ணன், இடப் பக்கத்துக்குச் செய்த அட்டை மாதிரியை எறிந்துவிட வேண்டாம்.


ஆரையம்பதி_லேத் எழுதியது:

பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன் தம்பி. திருப்பிப் போட்டு வெட்டினால் வலப் பக்கத்துக்கும் சரி வரும். வரும்போது ஷொக் இணைப்புத் தண்டு இரண்டையும் கழற்றிக் கொண்டு வாருங்கள், அந்தச் சின்ன றப்பர்களை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை.